சித்தியடைந்த குற்றம்

ஃபையா என்னைத் திட்டுவதற்காக மழைக்குள் வெளியே கூட்டிக்கொண்டு போனார். உள்ளேயே நின்று திட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஆங்கிலம் பேசக்கூடாது என்பது சட்டம். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஆங்கிலத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். என்னுடைய மாவோரி மொழியோ அப்போது ஐந்து வயதுப் பிள்ளையின் மொழி. தண்ணீர் குடி, கையை உயர்த்து, அழாதே, இவ்வளவுதான் கைவசம். இப்படிப்பட்ட ஒருத்தியை அவளுக்கு விளங்கும்படி வாய் நிறையத் திட்டுவதென்றால் வெளியேதான் போக வேண்டும். சப்பாத்துப் போடக்கூட நேரம் தரவில்லை. வலைப்பந்து மைதானத்தின் நடுவில் நனைந்த காலுறையோடு நான் நின்றேன். மூன்று தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். "நீ என்ன செய்து வச்சிருக்கிறாய் எண்டு உனக்கு விளங்குதோ?" என்றார். அவர்கள் ஆங்கிலத்திலும் மாவோரியிலும் சொன்னவை எல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

ஃபையா என்பது அவருடைய பெயர் அல்ல. மாவோரி மொழியிலேயே எல்லாப் பாடமும் நடக்கும் பள்ளிகளில் ஆசிரியைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் ரீச்சர் என்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் அம்மாவும் சின்னம்மாவும் சேர்ந்தே இருக்கிறார்கள். என்னைவிட ஒன்பது வயது இளையவர். அகன்ற தோள், உரத்த சிரிப்பு, எந்நேரமும் தலைமுடிக்குள் செருகிய பென்சில். ஒக்லாந்தில் மவுண்ட் ரொஸ்கில் பக்கம் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் பின்புறத்தில் மூன்று வகுப்பறைகள் அந்த மொழிக்கென்று இருந்தன. அங்கே வாசிக்கத் திணறும் பிள்ளைகளையும் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. அவருக்கு உதவியாக என்னைப் போட்டார்கள். தகுதி பார்த்துப் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தியவள் நான். இங்கே என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேசை துடைக்கவும் பென்சில் சீவவும் உதவியாளாக வரலாம் என்றார்கள். அந்தப் பின்புறத்துக்குப் போக வேறு யாரும் சம்மதிக்கவில்லை. நான் போனேன்.

போன முதல் வாரமே எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த மொழியை வாசிப்பது எங்கள் மொழியை வாசிப்பது போலத்தான். ஒரு மெய், ஒரு உயிர், குறில் ஒன்று, நெடில் ஒன்று. க, கா என்று கூட்டிக்கொண்டே போனால் சொல் வந்துவிடும். எண்ணிக்கையும் அப்படியே, பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் என்று ஒழுங்காக ஏறிப் போகும். தானியப் பெட்டி மட்டையை வெட்டி அசை அசையாக அட்டை எழுதினேன். ஃபையா அதைக் கண்டுவிட்டு, மேசை துடைக்கும் துணியை என் கையிலிருந்து பறித்துக் கூடைக்குள் எறிந்தார். "இனி நீ பிள்ளையளோட இரு," என்றார். இந்த நாட்டில் என்னை ஆசிரியையாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அதனால்தான் அந்த மழை நாளை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அவர் என்னிடம் தந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு எட்டு வயது. முன்பல் இரண்டும் இல்லை. கதைக்கத் தொடங்கினால் ஊரையே விற்றுவிடுவாள். பாட்டு, கதை, பழைய தலைமுறைகளின் பெயர்வரிசை எல்லாம் மூச்சு விடாமல் சொல்வாள். புத்தகத்தை விரித்தால் போச்சு. முதல் அசையைப் பார்ப்பாள், மிச்சத்தை ஊகிப்பாள். ஒரு வரியை விட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவாள். எட்டோடு ஐந்தைக் கூட்டச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவாள். காதால் கேட்டதை அப்படியே மனதில் பிடித்துவைக்கும் பிள்ளை என்பதால் மூன்று வருடமாக யாருக்கும் பிடிபடாமல் சமாளித்திருக்கிறாள். தகப்பன் பென்ரோஸில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருக்கு மாவோரி வாசிக்கத் தெரியாது. அவருடைய தகப்பனைச் சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் அந்த மொழி பேசியதற்காக அடித்திருக்கிறார்கள். அந்த மனிதர் பிறகு தன் பிள்ளைகளோடு ஒரு வார்த்தை அதில் பேசவில்லை. விட்டுப்போன மொழியை மகள் மூலம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரத்தான் அவளை அங்கே சேர்த்திருந்தார். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எங்களோடு தினமும் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலம்தான் அவளுக்கு எல்லாம்.

அந்த மணித்தியாலம் பத்து வாரத்துக்கு மட்டும் தற்காலிகமாகக் கிடைத்தது. தொடர்ந்து வேண்டுமென்றால் கற்றல் உதவி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பிள்ளையைச் சோதிக்க வேண்டும். இப்போது கவனமாகக் கேளுங்கள். பிள்ளை படிப்பது மாவோரியில். திணறுவது மாவோரியில். சோதனை ஆங்கிலத்தில். அந்த வகுப்புகளில் முதல் சில வருடங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்பிப்பதே இல்லை, பிறகுதான் தொடங்குவார்கள். படிப்பிக்காத மொழியில் சோதித்து, படிக்கும் மொழிக்கு உதவி தேவையா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். என்ன விசர்க் கூத்து இது? "வேறு சோதனை இல்லை" என்பதுதான் பதில். இல்லையென்றால் உண்டாக்குங்களேன். உங்களுக்கு மேசை இருக்கிறது, கதிரை இருக்கிறது, மாதா மாதம் கூடிக் கதைக்கக் கூட்டம் இருக்கிறது. சோதனை மட்டும் இல்லையாம்.

வருகிறவர் சக்கரம் வைத்த பெட்டியோடு வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுசி. பிள்ளைகளோடு அன்பாகக் கதைப்பார், முடிவில் ஸ்டிக்கர் கொடுப்பார். ஆங்கிலம் உள்ளே வரக்கூடாதல்லவா, அதனால் முன்கட்டடத்தில் நோய் அறையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சோதனை நடக்கும். முன்பு வேறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நான் அங்கே மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே சொற்பட்டியல், அதே படங்கள், ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் அதே கணக்குகள். கடந்தகால வினாத்தாள்களோடு பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியவளின் தலைக்குள் அது பதியாமல் இருக்குமா? முழுப் பட்டியலும் எனக்கு மனப்பாடம்.

நான் செய்ததை எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். பரீட்சை வருகிறது என்றால் பிள்ளையைத் தயார்படுத்த வேண்டும். அதிகாரி முன்னால் பிள்ளை தலைகுனியக் கூடாது. இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஒரு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முன்கட்டடத்து நூலக மூலையில் ஃபையாவுக்குத் தெரியாமல் அவளுக்கு அந்தப் பட்டியலைச் சொல்லிக்கொடுத்தேன். எழுத்துக்கூட்டி அல்ல. அது அவளால் முடியாது. முதலாவது சொல் இது, இரண்டாவது அது என்று வரிசையாகக் காதில் போட்டேன். ஆங்கிலத்தில் பதின்மூன்றும் முப்பதும் அவளுக்குக் குழம்பும்; அதையும் சரிக்கட்டினேன். மூன்றாம் நாளே ஒப்பித்துவிட்டாள். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. வீட்டில் இவரிடம் சொன்னபோது, "உம்மை எந்த ஊரில கொண்டுபோய் விட்டாலும் நீர் ரியூசன் தொடங்கிடுவீர்," என்று சிரித்தார். மகள் மட்டும் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அம்மா, தட்ஸ் சீட்டிங்," என்றாள். போடி, உனக்கென்ன தெரியும் என்றேன்.

பிள்ளை சோதனையில் நன்றாகச் செய்தாள். மிக நன்றாக இல்லை, எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. அந்த மூன்று தாள்களின் கடைசித் தாளில் ஒரு வரி இருந்தது: இப்பிள்ளைக்கு மேலதிக உதவி தேவையில்லை. அதைத்தான் ஃபையா மழைக்குள் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தோத்தாத்தான் கை குடுப்பினம். இது உனக்குத் தெரியாதோ?" என்று கத்தினார். சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் வந்த இடத்தில் பாஸ் பண்ணினவனைத்தான் தூக்கிவிடுவார்கள். தோற்றவனைக் கை கழுவி விடுவார்கள். இங்கே மறுவளமாக இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? அந்தப் பிள்ளை வெட்கப்படக்கூடாது என்று நினைத்தேன் என்றேன். ஃபையாவின் குரல் அப்போது இறங்கியது. "அவள் வெக்கப்பட என்ன இருக்கு? வெக்கப்பட வேண்டிய ஆக்கள் அந்தப் பெட்டியை உருட்டிக்கொண்டு வாறவையெல்லோ," என்றார். பிறகு என் கால்களைப் பார்த்துவிட்டு, போய்க் காலுறையை மாற்று என்றார்.

ஃபையா சும்மா இருக்கவில்லை. அந்தப் பிள்ளை மாவோரியில் எதை வாசிக்கிறாள், எங்கே தடுக்குகிறாள், எந்த எண்ணில் கை விடுகிறாள் என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினார். உள்ளங்கை தடிப்புக்கு ஒரு கோப்பு. அதைவிடச் சரியாக ஒரு பிள்ளையின் படிப்பை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: மிகவும் பயனுள்ள தகவல்கள், நன்றி, ஆனால் எங்கள் படிவத்தில் இதைச் சேர்க்க இடமில்லை. படிவத்தில் இடமில்லை! பிள்ளைக்கு இடமில்லை என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நானும் அதிபரிடம் போய், சோதனைக்கு அவளைத் தயார்படுத்தியவள் நான்தான், அந்தப் புள்ளிகள் அவளுடையவை அல்ல என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்தது எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பிள்ளைக்கு மறுசோதனை அடுத்த வருடம்தான் என்றார்கள். தப்புச் செய்தவளுக்குக் கடிதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. தப்பே செய்யாதவள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்த எட்டு மாதத்தை நான் மன்னிக்க மாட்டேன். அலுவலகத்தையும் சரி, என்னையும் சரி. ஃபையா தன் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தார். வேறு பதினான்கு பிள்ளைகள் அவர் தலையில் இருந்தார்கள், எத்தனை நாளைக்கு முடியும்? வாசிப்பு நேரம் வந்தால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும். கழிப்பறைக்குப் போனால் திரும்பி வர மாட்டாள். தேடிப் போனால் கதவுக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரியும். ஒரு நாள் உள்ளேயிருந்தே சொன்னாள்: "எனக்கு மூளை இல்லை. பரவாயில்லை, நீங்கள் போங்கோ." கதையும் பாட்டும் அவள் வாயில் வற்றத் தொடங்கின.

தகப்பனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மஞ்சள் மேலங்கியோடு வேலையிலிருந்து நேரே வந்து கார்ப் பார்க்கில் நின்றார். முழுவதையும் சொன்னேன். கோபப்படுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "அன்ரி, எங்களுக்கு எல்லாரும் இங்கிலிஷிலதான் உதவி செய்யினம்," என்று மட்டும் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பிறகு, அடுத்த சோதனையிலும் உதவி கிடைக்காவிட்டால் அவளை முன்பக்கத்து ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடுவேன் என்றார். அங்கேயாவது வாசிக்கப் பழகுவாள், மொழி போனால் போகட்டும், பிள்ளை முழுசாக இருந்தால் போதும். இதைச் சொல்லும்போது அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை. ஃபையாவிடம் போய்ச் சொன்னேன். "அவள் போனா அந்த வீட்டில இனி ஒருத்தரும் மொழிக்குத் திரும்பி வராயினம்," என்றார்.

அது எனக்குத் தெரியாத கதையா? என் மூத்தவனுக்கு மூன்று வயதில் பேச்சு பிந்துகிறது என்று இங்கே ஒருவர் சொன்னார். வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்றார். நானும் ஆசிரியைதானே, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. தலையாட்டிவிட்டு வந்து அன்று பின்னேரமே தமிழை நிறுத்தினேன். இப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மனுகாவில் ஒரு கந்தோரில் வேலை. அருமையான பிள்ளை. அவனிடம் நான் கோபப்பட வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில் சொல் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆலோசனை சொன்னவர் இன்னும் யாருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுசோதனைக்கு முதல் வாரம் ஃபையா என்னைக் கூப்பிட்டார். "இந்த முறை அவளுக்குக் கிட்டப் போகாத. உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். பிள்ளைக்குக் கள்ளம் பழக்கி எடுக்கிற உதவி எனக்கு வேண்டாம்," என்றார். சரி என்றேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் சோதனைக்கு முதல் நாள் அந்தப் பிள்ளை தானாகவே என்னிடம் வந்தாள். வாசலில் சப்பாத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி, பழைய பட்டியலை முதலாவது சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தாள். எட்டு மாதம் கழித்து, ஒன்று பிசகாமல்! அதே பட்டியல்தான் வரும், எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவாள், மறுபடியும் எல்லைக்கோட்டுக்கு மேலே போய்விடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது. அவள் முட்டாள் இல்லை. நாங்கள் கதைத்ததை எல்லாம் கேட்டிருக்கிறாள். "நாளைக்கு நான் பிழையாச் சொல்ல வேணுமோ?" என்று கேட்டாள். ஃபையா உள்ளே யாருக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. நான் ஓம் என்றேன்.

உதவி கிடைத்தது. ஒரு வருடம் முழுதுக்கும், நாளுக்கு ஒரு மணித்தியாலம். அட்டைகளோடு மறுபடி முதலாம் அசையிலிருந்து தொடங்கினோம். அந்த வருட முடிவில் ஒரு சின்னக் கதைப்புத்தகத்தைத் தகப்பனுக்கு முன்னால் தானே வாசித்தாள், விரலை ஒவ்வொரு அசைக்கும் கீழே வைத்து. ஃபையா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: பாருங்கள், உள்ளதை உள்ளபடி சொன்னோம், கிடைத்தது. நான் ஓம் என்றது இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் அவர் களைத்துப்போய் வேலையை விட்டுவிட்டு வடக்கே தன் ஆட்கள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நான்தான் சமாளிக்கிறேன், அதே உதவியாள் என்ற பெயரில். படிவம் இப்போது கணினியில் வருகிறது. பிள்ளையின் மொழி என்ன என்று கேட்க அழகான ஒரு பெட்டிகூட வைத்திருக்கிறார்கள். மாவோரி என்று நிரப்பி அனுப்பினால் ஆங்கிலச் சோதனைக்குத் திகதி வருகிறது.

அந்த இரண்டாவது சோதனை முடிந்த நேரத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நோய் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். கதவு திறந்தது. அந்தப் பெண்மணி முன்னால் நின்று சிரித்தார். பிள்ளை என்னிடம் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த மனுசிக்கு விளங்காத மொழியில், ஒரு திணறலும் இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது என்று வரவேண்டிய இடத்தில் பதின்மூன்று என்றாளாம். சொற்களில் பாதியைத் தெரியாது என்றாளாம், மிச்சத்தை மாற்றி மாற்றிச் சொன்னாளாம். பிறகு குரல் உடைந்தது. "ஒண்டை மட்டும் மறந்துபோய்ச் சரியாச் சொல்லிப்போட்டன்," என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பாவம், கஷ்டமா இருந்திருக்கும் பிள்ளைக்கு," என்று சொல்லி அந்தப் பெண்மணி அவளுடைய சட்டையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டினார். பதினொரு வருடமாக, ஒரு கேள்வியைப் பிழை விட்டுவிட்டேன் என்று அழுத பிள்ளைகளை மடியில் இருத்தித் தேற்றியவள் நான். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் அவள் முகத்தைத் துடைத்தது. "ஒண்டுதானே, பரவாயில்லை," என்றேன்.